நிற்காமல் ஓடியவள்

எண்பதுகளின் கடைசியில், மலேசியாவின் பினாங்குத் தீவில் நான் ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்த வருடம் நடந்தது இது. வயது பதினேழு. நானும் என் வகுப்புத் தோழியும் நெடுந்தூர ஓட்டக்காரிகள். எங்கள் பயிற்சியாளரை "சார்" என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் அவர், "ரெண்டு பேரும் தீவையே சுத்தி ஓடுறீங்க. எழுபது கிலோமீட்டர். பேப்பர்காரங்களுக்குச் சொல்லியாச்சு" என்றார். எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. பாதித் தூரத்தில் இருக்கும் பாலிக் பூலாவ் என்ற ஊர் வரும்வரை தண்ணீர் கிடையாது. குடித்தால் வயிறு பிடித்துக்கொள்ளுமாம், உடம்பு சொகுசு கேட்குமாம். அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் நம்பினார்கள் என்று பிற்பாடு எனக்குச் சமாதானம் சொன்னவர்கள் உண்டு. நம்பட்டும். ஆனால் அவர் மட்டும் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய ஐஸ் தேநீரை மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டு, நிறுத்தி நிறுத்தி உறிஞ்சிக்கொண்டே எங்கள் பின்னால் வந்தார்.

விடியும் முன் ஜார்ஜ் டவுனில் கிளம்பினோம். தெலுக் பஹாங் தாண்டி மலைப்பாதையில் ஏறும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. தோழிக்கு வியர்வையே நின்றுபோனது. பேச்சு குழறியது. சாலையோரப் பாறையில் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. அவள் தடுமாறிப் போய் இரண்டு கையாலும் தண்ணீரை ஏந்தினாள். சார் ஓடிவந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்லா! இதுகூடத் தாங்க முடியாதா?"

நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வளைவில் அவள் குப்புற விழுந்தாள். கைகால் வெட்டி இழுத்தது. பழம் ஏற்றி வந்த லாரி ஒன்று நின்றது. அதை ஓட்டிவந்த தமிழர் குதித்து இறங்கி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒடம்பு நெருப்பா கொதிக்குதே! தண்ணி குடுத்தீங்களா இல்லியா?"

சார் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

"வாய மூடிக்கிட்டுத் தள்ளுங்க சார்!"

லாரிக்காரர் தன் சட்டையைக் கழற்றி, ஓடிப்போய் அருவியில் நனைத்து வந்து அவள்மேல் போர்த்தி, தூக்கிக்கொண்டு போய் முன் சீட்டில் கிடத்தினார். "நீயும் ஏறும்மா" என்றார் என்னிடம்.

சார் என் தோளைப் பிடித்தார். "நீ ஓடு. ரெண்டு பேரும் நின்னுட்டா பேப்பர்ல என்னத்தப் போடுவான்?"

நான் ஓடினேன்.

பாலிக் பூலாவில் சார் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். ஓடியும் நடந்தும் சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டேன். மறுநாள் பத்திரிகையில் என் படம் வந்தது. பக்கத்தில் சார், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. தோழியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அவள் பிழைத்தாள். சிறுநீரகம் கெட்டுப்போய் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த வருடப் பரீட்சை போனது, ஓட்டம் அதோடு போனது. லாரி இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் உயிரும் போயிருக்கும் என்றாராம் டாக்டர். நான் பார்க்கப் போனபோது அவள் அம்மா கதவருகிலேயே என்னை நிறுத்தி, "அவ தண்ணி அள்ளுனப்ப நீ பக்கத்துலதானே இருந்தே?" என்று மட்டும் கேட்டார். அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

சாரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுத்த வருடமும் விசிலை மாட்டிக்கொண்டு திடலில் நின்றார், வேறு பிள்ளைகளோடு.

இத்தனை வருடம் கழித்தும் அவரை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. ஆனால் அவரை எவ்வளவு திட்டித் தீர்த்தாலும் தீராமல் மிஞ்சுகிற கோபம், ஓடு என்றதும் ஓடிப்போன என்மேல்தான்.