நிற்கத் தெரிந்த ஓட்டக்காரி

எங்கள் மாவட்டத்தில் ஒருவர் பிறந்த செய்தி ஊருக்குத் தெரிய மாதக்கணக்காகலாம். இறந்த செய்தி, உடல் வீட்டுக்கு வருவதற்கு முன்பே பிளெக்ஸ் பலகையாக முக்குக்கு வந்துவிடும். ஜெபிஷா இறந்துபோனதை எனக்குச் சொன்னதும் ஒரு பிளெக்ஸ்தான். நாகர்கோவிலிலிருந்து வந்த பஸ் கொட்டாரம் தாண்டி எங்கள் ஊர் முக்கில் நின்றது. ஊர் மன்றத்து இளைஞர்கள் சிலர் பலகையைத் தரையில் கிடத்திக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கிய பக்கத்திலிருந்து படம் தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாகப் பார்த்தாலும் ஆளைத் தெரிந்துவிடும் அளவுக்குப் பழகிய முகம். இருந்தும் கேட்டேன்.

“யாருலே அது?”

“நம்ம ஜெபிஷா டீச்சராக்கும் சாரே. ஆஸ்பத்திரியில வச்சு. காலம்பற.”

சொன்னவன் அஜின், மன்றத்தின் செயலாளர். முந்தின நாள்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் போய், தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டு வந்திருந்தேன். “கொஞ்சம் கொறவுண்டு மக்ளே” என்று, காய்ச்சல் தணிந்திருப்பதாக அவள் அம்மா சொல்லியிருந்தார். பிளெக்ஸ் கடைக்காரர் ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற எழுத்துகளுக்குக் கீழே துளிகளை வழக்கம்போலத் தாராளமாக விட்டிருந்தார். எனக்கு ஒரு துளியும் வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போது, வாசலோரம் என் ஓட்ட ஷூ கிடந்ததைப் பார்த்தேன். அப்போதுதான் வந்தது.

அவளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர்த் தனியார் பள்ளியில் ஜெபிஷா கணக்கு, நான் தமிழ். ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தோம். இருவருக்கும் வயது இருபத்தைந்துக்குள். விளையாட்டு பீரியட் என்பது கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வதற்காக ஏற்பட்டது என்று நம்பி வளர்ந்த தலைமுறை. அப்படிப்பட்டவள் போன வருடம் திடீரென்று ஓட ஆரம்பித்தாள். காரணம் கேட்டதற்கு, “மாடிக் கிளாசுக்கு ஏறிப் போனா முதல் அஞ்சு நிமிசம் பிள்ளையளு என் மூச்சைத்தான் படிக்கு” என்றாள். வேறு இலட்சியம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு பெண் ஓடும்போது நாம் ஓடாமலிருப்பது மொழிக்கே இழுக்கு என்று கருதி நானும் சேர்ந்தேன். வயல்களுக்கு நடுவே போகும் பாசனக் கால்வாயின் கரை, எங்கள் பேச்சில் சானல்கரை, அதுதான் எங்கள் மைதானம். புது ஷூவோடு போனவன், எடுத்த எடுப்பில் நாலு கால் பாய்ச்சலில் ஓடி, முதல் மதகுக்கு முன்பே தண்ணீரைப் பார்த்துக் குனிந்து நின்று காலைக் காப்பியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நெடுநேரம் கழித்து, நடைக்குக் கொஞ்சம் மேலே, ஓட்டத்துக்கு நிறையக் கீழே ஒரு வேகத்தில் ஜெபிஷா வந்து சேர்ந்தாள்.

“மக்கா, பஸ்ஸு ஒண்ணும் போவல்லியே? எதுக்கு இந்த ஓட்டம்?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. “பேச முடியல்லன்னா ஓடாண்டாம், கேட்டியா? நட. வெக்கமா இருந்தா போன் பேசுத மாதிரி நட” என்றாள். அன்று முதல் அது எங்கள் சட்டமாயிற்று. பேச்சு நின்றால் ஓட்டத்தையும் நிறுத்த வேண்டும். சோதித்துக்கொள்ள அவள் சபைக் கீர்த்தனை பாடிக்கொண்டே ஓடுவாள். எனக்குச் சங்கீதம் கிடையாது. அதனால் பதிமூன்றாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. தப்பு வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். எனக்கு உட்கார்ந்திருக்கும்போதே அது தப்பாகத்தான் வரும் என்பதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆக, நான் முதல் மாதம் முழுவதும் நடந்தேன்.

ஒரு ஆணும் பெண்ணும் விடியற்காலையில் பேசிக்கொண்டே ஓடினால் ஊர் என்ன முடிவுக்கு வருமோ அந்த முடிவுக்கு எங்கள் ஊரும் வந்தது. அவள் சபைக்குப் போகும் வேதக்காரி, நான் கோயில்காரன் என்பதால் முடிவுக்குச் சுவையும் கூடியது. அவளிடம் சொன்னேன். “காதலிச்சா இவ்வளவு மூச்சு வாங்குமாலே? பின்ன எதுக்கு ஆளுவ காதலிக்கி?” என்று கேட்டுவிட்டுக் கீர்த்தனையைத் தொடர்ந்தாள். சில வாரங்களில் கல்லூரி மாணவி அஜிதாவும் இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஊருக்கும் நிம்மதி.

கிறிஸ்துமஸ் விழாவுக்கு மன்றம் ஒரு மாரத்தான் நடத்தியது. பஸ் நிறுத்தத்துக்கு அப்பால் எவ்வளவு தூரம் ஓடினாலும் எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் மாரத்தான். ஜெபிஷா பெயர் கொடுத்தாள். ஊரிலிருந்து பெயர் கொடுத்த முதல் பெண். மறுநாளே முக்கில் பிளெக்ஸ் எழுந்தது. ‘மண்ணின் மைந்தை, மாரத்தான் வீராங்கனை’ என்று அவள் படத்தைப் போட்டு, அவள் இன்னும் ஓடாத ஓட்டத்துக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். கீழே வாழ்த்துவோர் படங்கள் வரிசையாக இருந்தன. அவர்களில் ஒருவரும் முக்கு வரைகூட நடந்து போகிறவர் இல்லை, பைக் உண்டு.

அவள் நேராக அஜினிடம் போனாள். “அண்ணா, அந்த வீராங்கனைய எடுத்துரும். எனக்கு சானல்ல ரெண்டாம் மதகு தாண்டினா நாக்கு தள்ளும்.”

“அதெல்லாம் எடுக்க முடியாது டீச்சரே. அடிச்சாச்சு. நீங்க ஜெயிச்சிருங்க, சரியாயிரும்.”

மறுநாள் காலை பார்த்தால், பலகையில் அவள் படத்தின் மூலையில் வெள்ளைத் தாளில் சிவப்பாக ஒரு பெரிய ‘எல்’ ஒட்டியிருந்தது. ஓட்டுநர் பயிற்சிக் கார்களின் முதுகில் இருக்குமே, அதே ‘எல்’. முக்கில் நின்று எல்லாரும் சிரித்தார்கள். ஒட்டியவள் அவளேதான். விழா முடிகிறவரை அந்தத் தாளை யாரும் கிழிக்கவில்லை. எங்கள் ஊர் பிளெக்ஸ்களில் நான் வாசித்த ஒரே உண்மை அதுதான்.

ஓட்டத்தன்று அவள் செய்ததை இன்றும் சிலர் மன்னிக்கவில்லை. பாதித் தூரத்தில், ரோட்டோரச் சிலுவைக் குருசடிக்குப் பக்கத்தில், கணுக்காலுக்கு மேலே எலும்பில் ஏதோ குத்தியது. நின்றாள். குனிந்து தடவிப் பார்த்தாள். பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்த ஆம்புலன்ஸ்காரர் தலையை நீட்டி, “ஏறுங்க டீச்சர், முடிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால எறக்கி விடுகேன். அதுக்கப்புறம் ஓடிரலாம்” என்றார். இதுவும் எங்கள் ஊரில் ஒரு உதவிதான். அவள் நன்றி சொல்லிவிட்டு, எதிரே வந்த மினிபஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, தன் படம் போட்ட பலகைக்கு அடியில் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டாள். நான் முடித்தேன். அடுத்த வாரம் முழுவதும் பள்ளி மாடிப்படிகளைப் பின்பக்கமாகத்தான் இறங்க முடிந்தது.

“மெடலு கெட்டியா இருக்கா மக்கா? அதைப் புடிச்சுக்கிட்டு எறங்கு” என்றாள்.

“நீ பாதியில விட்டது ஒனக்கு வருத்தமா இல்லியா?”

“இன்னைக்கு எங்கிட்ட உள்ளது அவ்வளவுதான். இல்லாததை எப்படி ஓடுகது? காலு அடுத்த வருசமும் வேணும்லா?”

அவள் சொன்னவற்றில் நான் மறக்காதது இது. தன்னிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைக் கூச்சமில்லாமல் பார்க்கத் தெரிந்த இளம் வயதுக்காரர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. கவிதை எழுதுகிறவர்களில் ஒருவரைக்கூடச் சந்தித்ததில்லை.

கால் ஆறும் வரை நடந்தாள். பிறகு மீண்டும் கீர்த்தனையோடு ஓடினாள். கரையோரத்தில் வாரத்துக்கு ஒரு தென்னைமரத் தூரம் கூட்டினால் போதும் என்பது அவள் கணக்கு. இந்த ஆடியில் ஒரு நாள், காற்று கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது. பள்ளி நிர்வாகியைப் பற்றி அஜிதாவிடம் நாங்கள் இருவரும் சேர்ந்து புறணி பேசிக்கொண்டே ஓடினோம். பேச்சு சுவாரசியமாக இருந்ததால் திரும்பத் தோன்றவில்லை. கடைசியில் நின்றபோது ஜெபிஷா கேட்டாள்: “இப்பம் எவ்வளவு ஓடியிருக்கோம் தெரியுமா?” யாருக்கும் தெரியவில்லை. போன கிறிஸ்துமஸ் ஓட்டத்தின் முழுத் தூரம் என்று அவளே சொன்னாள்; எல்லாரும் சிரித்தோம். பலகை இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை. மடையில் கால் கழுவிக்கொண்டிருந்த ஒருவர் மட்டும், “ஏம்ட்டி இப்படிச் சிரிக்கிய?” என்று கேட்டார்.

ஐப்பசியில் மழை கொட்டியது. சானல் உடைத்துக்கொண்டு தெருவுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அந்த நாட்களில் நாங்கள் யாரும் ஓடவில்லை. ஊரே தண்ணீரில் நடந்தது. பள்ளிக்கு அவளும் அப்படித்தான் நடந்து வந்தாள். பிறகு அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஆசிரியர் அறையில் மேசையில் தலையைச் சாய்த்திருந்தவளிடம், டாக்டரிடம் போகச் சொன்னேன். “பத்தாம் கிளாசுக்குப் போர்ஷன் முடியல்ல மக்கா. சாதாக் காய்ச்சல்தான், ரெண்டு நாள் பொறுத்தாப் போவும்” என்றாள். மாத்திரை போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனாள். அடுத்த நாளும் சொன்னேன். அடுத்த நாளும் போனாள். கண் மஞ்சளித்த பிறகுதான் ஆஸ்பத்திரி. எலிக்காய்ச்சல் என்றார்கள். வெள்ளத் தண்ணீரில் நடப்பவர்களுக்கு வருவது. முதலிலேயே வந்திருந்தால் மருந்து கேட்டிருக்கும் என்றும் சொன்னார்களாம்.

சாவு வீட்டில் கூட்டத்தோடு நின்றேன். பின்னால் ஒரு வயதான அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: “பொட்டப்பிள்ளைய விடியக்காலம் பனியில ஓட விட்டா பின்ன என்ன ஆவும்?” பலர் தலையாட்டினார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெபிஷாவின் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“எம்மவ ஓடிச் சாவல்ல சித்தி. காலு வலிச்சா நிப்பா. மூச்சு முட்டினா நிப்பா. ஊரு முழுக்க நின்னு சிரிச்சப்பவும் நின்னா. இந்தக் காய்ச்சலுக்கு மட்டும் நிக்கல்லியே…”

போதகர் ஜெபத்தைத் தொடங்கினார். அவர் வேலைக்கு ஏற்ற நல்ல வார்த்தைகள்தான். ஆனால் அன்று பேசப்பட்டவற்றில் எனக்குக் கேட்டது அந்த அம்மா சொன்னது மட்டுமே. ஓட்டத்தில் நிற்பதற்கு அவளுக்கு வெட்கமே இருந்ததில்லை. வகுப்பறையில் மட்டும் அவளை நிற்கவிடாமல் ஏதோ ஒன்று பிடித்துத் தள்ளியது. அது என்ன என்று என்னைப் போலச் சம்பளம் வாங்குகிற எல்லாருக்கும் தெரியும். அதற்கு எங்கள் பள்ளியில் கடமை உணர்வு என்று பெயர். இரங்கல் கூட்டத்தில் அதைத்தான் பாராட்டிப் பேசினார்கள்.

இப்போது சானல்கரையில் யாரும் ஓடுவதில்லை. மற்ற பெண்களை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அஜிதா மட்டும் போனில், “அண்ணே, அப்பாட்ட நீங்க ஒரு வாட்டி பேசுதியளா?” என்று கேட்டாள். போனேன். அவள் அப்பா நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, மரியாதையாகச் சொன்னார்: “சாரே, ஓடின பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு பாத்தோம்லா? நமக்கு வேண்டாம்.”

“வெள்ளத்துல நடந்ததாலதான் அண்ணாச்சி வந்துது. நீங்களும்தானே நடந்திய?”

“அது வேற” என்றார். கதவுக்குப் பின்னால் அஜிதா நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணாச்சி இதை வாசிப்பார் என்று தெரியும். எங்கள் ஊரில் இரங்கல் எழுத்தைத்தான் எல்லாரும் கடைசிவரை வாசிக்கிறார்கள். அவரிடமும் மற்ற வீட்டாரிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பெண்களை ஓட விடுங்கள். மெதுவாகத்தான் ஓடுவார்கள், ஜெபிஷாவிடம் பழகியவர்கள். காய்ச்சல் என்று தெரிந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். ஓட்டத்தை மட்டும் அல்ல. கல்லூரி, வேலை, அடுப்படி எல்லாவற்றையும்.

போன வாரம் எனக்குக் காய்ச்சலடித்தது. திருத்த வேண்டிய விடைத்தாள்களை மேசையிலேயே விட்டுவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். செவிலியர் தலை நிமிராமல் கேட்டார்:

“எத்தன நாளாக் காய்ச்சல்?”

“இன்னைக்குக் காலம்பறதான் சிஸ்டர்.”

“இன்னைக்கா? ரெண்டு நாள் பொறுத்துப் பாத்துட்டு வரக்கூடாதா?”

“பொறுக்க மாட்டேன்” என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையில் ரப்பர் குழாயைக் கட்டி இரத்தம் எடுத்தார்.

வெறும் ஜலதோஷம். வெளியே வந்து, மருந்துச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவனாக வாசலில் நின்றேன். நெடுநேரம் நின்றேன். ஓடுகிறபோது பொறுமையாக இருக்க ஜெபிஷா கற்றுத்தந்தாள். அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வேறு எதிலும் என்னால் இனிப் பொறுமையாக இருக்க முடியாது. அதுவும் அவள் தந்ததுதான்.