வாத்துக்குப் போன சோறு

வாகீஸ்வரி ஒன்றும் மரக்கறிக்காரி அல்ல. யாழ்ப்பாணத்தில் அவள் வீட்டில் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் மீன் குழம்பு கொதிக்கும். பாரை மீன் தலைக்கு அவளும் தம்பியும் அடித்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவள், கோலா சிலாங்கூருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் ஹியூபர்ட் வீட்டில் கால் வைத்த அன்றே, "அன்ரி, நான் மரக்கறி மட்டுந்தான் சாப்பிடுவன்" என்று கூசாமல் சொன்னாள்.

சொல்லிக்கொடுத்தது அம்மா. அப்பா பொன்னம்பலம் ஊர் திரும்புமுன் இதே தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். மகளும் மலாயாவில் பிறந்தவள்தான். இங்கேயே சீனியர் கேம்பிரிட்ஜ் படித்துத் தாதி வேலைக்குப் போகட்டும் என்பது அவர் எண்ணம். தங்கவைப்பதாகச் சொன்ன கிள்ளான் சொந்தக்காரருக்குக் கடைசி நேரத்தில் மாற்றல் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் பழைய நண்பர் ஹியூபர்ட்டுக்கு எழுதினார். ஹியூபர்ட் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர். டாக்டர் வராத நாளெல்லாம் அவர்தான் டாக்டர். நல்ல மனிதர், ஆனால் வேதக்காரர், கிறிஸ்தவர். "அவையின்ர சட்டியில சாப்பிட்டுடாதை. என்ன சாதியோ, எதைச் சமைச்ச சட்டியோ. மரக்கறி எண்டு சொல்லு, பிரச்சினை முடிஞ்சுது" என்று கப்பலேற்றும்போது அம்மா காதில் ஓதினாள். நாசூக்கான பொய் என்று அவளுக்கு நினைப்பு.

ஹியூபர்ட்டின் மனைவி ஃப்ளோரா அந்தப் பொய்யைத் தலையில் வைத்துத் தாங்கினாள். மறுநாளே டவுனுக்குப் போய்ப் புதுச் சட்டி, புதுக் கரண்டி, புதுத் தட்டு வாங்கி வந்தாள். மீன் ஆய்ந்த நாளில் குளித்துவிட்டுத்தான் வாகீஸ்வரிக்குச் சமைப்பாள். அரிசிக்கே பங்கீடு இருந்த காலம். அதிலும் அவளுக்கென்று இடித்துச் சலித்து இடியாப்பம் பிழிவாள். "எங்களுக்குக் கறி தொடாத தபசு காலம் நாப்பது நாளுதான் லா. இந்தப் புள்ளைக்கு வருசம் முழுக்கத் தபசு!" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் வாகீஸ்வரி தலையைக் குனிந்து இடியாப்பத்தைப் பிசைந்துகொண்டிருப்பாள்.

காலையில் பஸ், பள்ளிக்கூடம், மாலையில் வீட்டுப்பாடம். இரவில் அந்த வீட்டார் முழங்காலிட்டுச் செபமாலை சொல்லும்போது இவள் மூலையில் பூகோளப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். கடைசியில் ஃப்ளோரா இவள் பெயரையும் சேர்த்து வேண்டிக்கொள்வாள். ஒரு குறையும் இல்லை. குறை, பள்ளிக்கூடக் கேண்டீனில் காளியண்ணன் பொரிக்கும் மீனின் வாசனையில் இருந்தது.

எத்தனை நாள்தான் தாங்குவாள்? பதினேழு வயது வயிறு. ஒருநாள் ஒரு துண்டு, மறுநாள் சோறும் சேர்த்து. காளியண்ணன் என்ன சாதி, எந்தச் சட்டி என்றெல்லாம் அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் வேடிக்கை! ஃப்ளோரா தினமும் கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டுப் பொட்டலத்தை என்ன செய்வது? திருப்பிக் கொண்டுபோனால் ஃப்ளோரா துருவித் துருவிக் கேட்பாள். கேண்டீனுக்குப் பின்னால் காளியண்ணன் வாத்து வளர்த்தான். பொட்டலம் தினமும் அங்கே போயிற்று.

அப்புறம்தான் அந்தச் சட்டம் வந்தது. வெள்ளைக்கார அரசு போட்ட அவசரகாலம் உச்சத்தில் இருந்தது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களையும் டிரஸர் வீட்டையும் சுற்றி முள்கம்பி போட்டு, கேட்டில் ஆளை நிறுத்திவிட்டார்கள். சமைத்தது எதுவும் கேட்டைத் தாண்டக்கூடாது. ரப்பர்ப் பாலுக்கு மரம் சீவப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போய், மதியம் கண் இருண்டு திரும்பினார்கள்.

"புள்ள சாயங்காலம் வரைக்கும் பட்டினி கெடக்குமே! அங்க அதுக்கு என்ன இருக்கு? நான் ஒளிச்சாவது கொண்டாந்து தர்றேன்" என்று ஃப்ளோரா பதறினாள்.

"வேண்டாம் அன்ரி. நான் பசி தாங்குவன்."

"தாங்குவியாம்! மூஞ்சியப் பாரு."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஃப்ளோரா பொட்டலத்தைப் புடவை மடிப்புக்குள் செருகிக்கொண்டு, வழியனுப்புகிற சாக்கில் கேட்டைத் தாண்டி, பஸ் ஏறும்போது அவள் பைக்குள் தள்ளிவிடுவாள். டிரஸர் சம்சாரத்தைத் தொட்டுச் சோதிக்க அங்கே ஆண்கள் யாருக்கும் துணிச்சல் இல்லை. அப்படி உயிரைப் பணயம் வைத்து வெளியே வந்த இடியாப்பத்தையும் வாத்துதான் தின்றது.

ஒரு திங்கட்கிழமை, சோதிப்பதற்கென்று ஒரு பெண்ணைக் கொண்டுவந்து கேட்டில் நிறுத்தியிருந்தார்கள். அவள் ஃப்ளோராவின் இடுப்பில் கை வைத்தாள். பொட்டலம் விழுந்து பிரிந்தது. வேலைக்குப் போகிற சனமெல்லாம் வேடிக்கை பார்த்தது. "எம்புள்ளைக்கு ஒரு ரொட்டித் துண்டு கொண்டு போக வழியில்ல. இவங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்று ஒருத்தி உரக்கவே கேட்டாள்.

"நீ பஸ்ஸுல ஏறு புள்ள, பரீட்சை இருக்கு. நான் சொல்லிக்கிறேன்" என்றாள் ஃப்ளோரா. வாகீஸ்வரி ஏறினாள். ஆம், ஏறி உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும்போது ஃப்ளோராவைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

மதிய இடைவேளைக்கு இன்ஸ்பெக்டர் சபாரத்தினம் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். அவரும் யாழ்ப்பாணத்தார். 'படிக்கிற பிள்ளைக்குக் கட்டினேன், அது சைவம், கேண்டீனில் சாப்பிடாது' என்று ஃப்ளோரா சொன்னது மெய்தானா என்று விசாரிக்க வந்திருந்தார். காளியண்ணனுக்கு இதெல்லாம் தெரியாது. ஊர்க்காரர், சொந்தக்காரப் பெண்ணின் நலம் விசாரிக்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

"அந்தச் சிலோன் புள்ளையா? நீங்க கவலையேபடாதீங்க சார். நல்லாச் சாப்பிடுது. மீன் பொரிச்சா ரெண்டு துண்டு கேட்டு வாங்கும்!"

தூணுக்குப் பின்னால் நின்ற வாகீஸ்வரி காதில் அது விழுந்தது. இன்ஸ்பெக்டரின் முகம் இறுகியதையும் பார்த்தாள். பெண் மீன் சாப்பிடுகிறாள் என்றால் அந்தப் பொட்டலம் யாருக்கு? காட்டுக்கு. வேறு பதில் அவருக்கு எப்படித் தோன்றும்? அதற்குச் சிறைதான், சந்தேகமே இல்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

பிற்பகல் பரீட்சையை விட்டுவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள். ஃப்ளோரா சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வந்துட்டியா! சொல்லு புள்ள, நீ சைவம்னு அய்யாகிட்டச் சொல்லு. யாரோ ஏதோ தப்பாச் சொல்லிட்டாங்க போல" என்றாள். தனக்காகவே சாட்சி சொல்ல வந்த தேவதையைப் பார்ப்பது போலப் பார்த்தாள், பாவி மகளை!

வாகீஸ்வரி இன்ஸ்பெக்டரைப் பார்த்தே பேசினாள். ஃப்ளோரா பக்கம் திரும்ப முடியவில்லை.

"நான் மரக்கறி இல்லை, சேர். ஆனா அன்ரிக்கு அது தெரியாது. நான் பொய் சொன்னனான். அந்தச் சாப்பாடு எனக்குத்தான் வரும். ஒருநாளும் காட்டுக்குப் போகேல்லை."

"அப்ப நீர் அதை என்ன செய்தனீர்?"

"வாத்துக்குப் போட்டனான்."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏன் பிள்ளை பொய் சொன்னனீர்?"

"அவையின்ர வீட்டில... அவையின்ர சட்டியில சாப்பிடக்கூடாது எண்டு அம்மா சொன்னவ."

அவர் மேலே கேட்கவில்லை. அவரும் அதே ஊர்க்காரர். சாதி பார்த்து, எந்த வீட்டில் சாப்பிடாமல் தப்ப வயிறு சரியில்லை என்று சாக்குச் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியாதா? ஆளனுப்பி வாத்துக் கதையைக் காளியண்ணனிடம் சரிபார்த்தார். கடுமையாக எச்சரித்து, சேதி கேட்டு ஓடிவந்திருந்த ஹியூபர்ட்டோடு ஃப்ளோராவை அனுப்பிவைத்தார்.

வீடு வரும்வரை ஃப்ளோரா வழியோர மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால், இரண்டு அறை விட்டிருந்தால் வாகீஸ்வரிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவள் என்று அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள். "அன்ரி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று கேட்டைத் தாண்டும்போது ஒருமுறை சொன்னாள். ஃப்ளோரா தலையை ஆட்டினாள். அது சரியென்றா, போதுமென்றா, தெரியவில்லை.

விளக்கேற்றியதும் ஃப்ளோரா எல்லோருக்குமாக ஒரே சட்டியில் சமைத்தாள். வாகீஸ்வரிக்குச் சோறு போட்டு, மீன் குழம்பு ஊற்றி, பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள். வாகீஸ்வரி எதிரிலிருந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"நீங்களும் இருங்கோ, அன்ரி."

"கோவமில்ல புள்ள. போலீசுல ஒக்காந்தது ரெண்டு நாள்ல மறந்துபோகும். ஆனா எங்க சட்டிய நெனைச்சு உனக்கு அருவருப்பா இருந்துச்சு பாரு..." ஃப்ளோராவின் குரல் உடைந்தது. "இன்னிக்கு உங்கூட ஒக்காந்து சாப்பிட எனக்கு வரல."

தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனாள். வாகீஸ்வரி அழுதபடியே சாப்பிட்டாள். ஒரு பருக்கையைக்கூட மிச்சம் வைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.