சிவப்பு விளக்கில் ஒரு கை

எலியைப் பார்த்தால் புலி என்று சொல்கிற ஆள் நான். கேட்பவர் வாய் பிளந்தால் அந்தப் புலிக்குக் கொம்பும் வைப்பேன். ஆனால் இதில் இம்மியும் கூட்டவில்லை. நடந்தது நடந்தபடி.

குழந்தை மருத்துவராக நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. விடுமுறை நாள், பட்டப்பகல். அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் என் செருப்புச் சத்தம்தான் எனக்குத் துணை. எக்ஸ்ரேக்காரருக்குக் காய்ச்சல், அவர் வேலையும் என் தலையில்.

பிறந்து இரண்டே நாளான ஆண் குழந்தை பச்சைப் பசேலென்று வாந்தி எடுத்திருந்தது. பிறவியிலேயே குடல் சரியாக அமையாவிட்டால் திடீரென முறுக்கிக்கொள்ளும். தாமதித்தால் ரத்த ஓட்டம் நின்று கருகிவிடும். படத்தில் முறுக்கு தெரிந்தால் உடனே அறுவை சிகிச்சை.

தாய்க்குத் துணையென்று ஒருவரும் இல்லை. படுத்தபடியே என் கையைப் பிடித்தாள்.

"எனக்குன்னு இவன் ஒருத்தன்தான் டாக்டர்."

குடலைப் படத்தில் வெள்ளையாகக் காட்டும் மருந்தை மூக்குக் குழாய் வழியே செலுத்தினேன். அந்த நேரம் பார்த்து நர்ஸுக்குப் பிரசவ அறையிலிருந்து அழைப்பு.

"ரெண்டே நிமிஷம் சார், ஓடி வந்துடறேன்!"

"இவன் காலைப் பிடிக்கிறதா, பட்டனை அமுக்கறதா? எனக்கென்ன நாலு கையா?"

போயே போய்விட்டாள்.

குழந்தையைப் பட்டை போட்டு மேசையில் கட்டினேன். பட்டன் இருப்பதோ தடுப்புச் சுவருக்குப் பின்னால். அமுக்கிய கணத்திலேயே ஓர் உதை. முதல் படம் வீண்.

"ஆடாதடா ராசா... ஒரே ஒரு தடவை..."

உஸ்ஸ்ஸ்...

யாரோ தூங்க வைக்கிற சத்தம்.

குழந்தை அசையவில்லை.

அமுக்கினேன்.

அதன் பிறகுதான் நர்ஸ் மூச்சிரைக்க வந்தாள். குழந்தையை அவளிடம் விட்டுவிட்டு படம் கழுவும் இருட்டறைக்குள் போனேன்.

சிவப்பு விளக்கு. தட்டில் ஃபிலிம். மெல்ல மெல்லத் தெளிந்தது...

சுருள்கம்பி போல முறுக்கிய குடல்.

அதற்குக் கீழே...

இரண்டு தொடைகளையும் சேர்த்துப் பிடித்தபடி, பெரிய ஆளின் கை எலும்புகள்.

என் தலைமுடி அத்தனையும் நட்டுக்கொண்டது. அப்போது முடி இருந்தது, சத்தியம்.

அறுவை மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "யாருப்பா பிடிச்சது? ஆடாம நல்லாப் பிடிச்சிருக்காங்க."

குழந்தை பிழைத்தது.

காய்ச்சல் விட்டு வந்த எக்ஸ்ரேக்காரரிடம் படத்தைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார்.

"குழந்தை காலைப் பாருங்க டாக்டர். எலும்பைச் சுத்தி மங்கலா, புகை மாதிரி தெரியுதே, அது சதை. யார் கையை எக்ஸ்ரே எடுத்தாலும் அது படத்துல விழும்."

"சரி..."

"இந்தக் கையில அது எங்கே?"