கேட்காமல் விற்ற ரோட்டவேட்டர்

உழவுக் கருவி விற்கும் கடையில் அவருக்கு மண்ணுக்காரர் என்றுதான் பெயர். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் வாங்க யார் வந்தாலும், முதலில் உங்கள் மண்ணில் ஒரு பை அள்ளி வாருங்கள் என்பார். வந்தவர் முறைத்தாலும் விடமாட்டார். பொலபொலவென்ற மண்ணென்றால் கத்திகளைச் சுழற்ற செயின் போதும். எடை குறைவு, சின்ன டிராக்டரும் தாங்கும், அறுந்தால் மாற்றுவதும் சுலபம். கல்லும் கட்டியும் கிடக்கிற நிலமென்றால் கியர்தான். இந்த விஷயத்தில் மனுஷர் முதலாளிக்குக்கூட வளைந்துகொடுத்ததில்லை.

அப்பேர்ப்பட்டவர் தன் தங்கை புருஷனிடம் மட்டும் மண் கேட்கவில்லை. கேட்பானேன்? கல்யாணத்துக்கு முன்பே அந்த நிலத்தைச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டியவர் அவர்தானே. கியரே எடுத்துக்கொள்ளலாமா மச்சான், கிழக்குப் பக்கத்தில்... என்று மாப்பிள்ளை இழுத்தார்.

"எங்கிட்டயே பாடம் எடுக்கிறீங்களா மாப்பிள்ளை?" என்று இவர் சிரிக்க, கடையே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்துவைத்தார். செயின் மாடல்தான் வீடு போய்ச் சேர்ந்தது.

மழை பெய்து, விதைக்கப் பதமாக ஈரம் நின்ற காலையில் தங்கை போன் செய்தாள். செயின் அறுந்துவிட்டதாம்; ஈரம் காய்ந்தால் இந்தப் போகம் போச்சு. புதுச் செயினோடு அடித்துப்பிடித்து ஓடினார். நிலத்தில் இறங்கிப் பார்த்தார். கிழக்குப் பக்கம் முழுக்கக் கல். புதுக் கிணறு வெட்டிய கல்லையெல்லாம் அங்கேதான் கொட்டி நிரவியிருந்தார்கள். செயின் மட்டுமல்ல, உள்ளே பல்சக்கரமும் உடைந்து கிடந்தது. கொண்டுவந்த செயினை எதில் மாட்டுவது?

தங்கை தன் புருஷன்மேல் பாய்ந்தாள். "எங்கண்ணன் ஊருக்கே மண்ணு கேக்கற ஆளு. கிணத்துக் கல்லு கெடக்குன்னு வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன உங்களுக்கு?"

மாப்பிள்ளை நட்டைக் கழற்றியபடியே, மறந்துவிட்டேன் என்றார்.

அப்படியே விட்டிருந்தால் இவர் மானம் தப்பியிருக்கும். விடத்தான் நினைத்தார், வெட்கக்கேடு! ஆனால் கையெல்லாம் எண்ணெயும் சேறுமாக, தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த மனுஷனைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"அவரு மறக்கலம்மா. சொல்லத்தான் வந்தாரு. நாலு பேரு முன்னாடி நான்தான் கிண்டல் பண்ணி அடக்கிட்டேன்."

தங்கை தன் புருஷனைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். கியர் மாடலை நாளைக்கே கொண்டுவந்து இறக்குகிறேன் என்று இவர் அவசரமாகச் சொன்னது அவள் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

"யாரோ எவரோ வந்தா அவங்க மண்ணக் கேக்கற. எங்க வீட்டுக்காரரு பேச்சு மட்டும் உனக்கு அவ்வளவு இளக்காரமாண்ணா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளை பேச ஆரம்பித்த எதையாவது முழுசாகச் சொல்லி முடிக்க விட்டிருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.