சம்மனசின் பங்கு

எனக்குச் சின்ன வயதிலிருந்தே யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் மேல் சந்தேகம், மளிகைக்காரரின் தராசு மேல் சந்தேகம். இரண்டாம் வகுப்புக்கு வந்தபோது அது வளர்ந்து வளர்ந்து, கூடவே இருந்து காக்கிற தேவதூதர் என்பார்களே, அந்தக் காவல் சம்மனசு மேலேயே விழுந்தது. அதற்குக் காரணம் எங்கள் பெரியப்பா.

மதுவிலக்கு வருவதற்கு முன்னால் பெரியப்பா கன்டோன்மென்டில் வெள்ளைக்காரர்களுடைய கிளப் ஒன்றில் பட்லராக இருந்தார். பாரை மூடிவிட்டு ஊருக்குக் கிளம்பிய துரை, விஸ்கி வைத்திருந்த சின்ன ஓக் மரப் பீப்பாய் ஒன்றைக் காலியாக அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். பாலக்கரையில் நாங்கள் எல்லோரும் சேர்ந்திருந்த வீட்டில், சாமான் அறை மூலையில் அதற்கு ராஜ மரியாதை. வீட்டில் போடுகிற திராட்சை ஒயினை ஜாடியில் ஊறவிட்டு வடிகட்டி, பெரியப்பா அதில்தான் ஊற்றி வைப்பார். அப்புறம் யார் வந்தாலும் அதே பெருமைதான். ஸ்காட்லாந்தில் பார்லியை முளைகட்டி வடித்த சரக்கு வருஷக்கணக்கில் தூங்கிய மரமாம், உள்பக்கம் நெருப்பில் கருக்கியதாம், எதை ஊற்றினாலும் அந்த வாசம் ஏறிவிடுமாம். தெருவில் போலீஸ்காரர் தலை தெரிந்தால் மட்டும் பேச்சு சட்டென்று ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குத் தாவிவிடும்.

"மரம் மூச்சு விடும். அதனால உள்ள இருக்கிறது கொஞ்சம் கொஞ்சமா குறையும். அது சம்மனசுங்களோட பங்குன்னு துரை சொல்லுவார்" என்பார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் படுக்கும்போது முழங்கால் போட்டு, என்னைக் காப்பாற்று என்று நான் கும்பிடுகிற சம்மனசு, நான் தூங்கினதும் சாமான் அறைக்குப் போய்க் குடிக்கிறதா? நல்ல காவல்தான்!

அந்த வருஷம் தை மாதம் அத்தைக்குக் கல்யாணம். கேக்கோடு கொடுப்பதற்காகவே பீப்பாயை நிரப்பியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பெரியப்பா அதை விரலால் தட்டிப் பார்ப்பார். நிறைந்திருந்தால் மந்தமாகக் கேட்கும், குறைந்தால் டங்கென்று கேட்கும். கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே டங்கென்று கேட்க ஆரம்பித்துவிட்டது. பெரியப்பாவின் கண் நேராக அப்பா மேல் போயிற்று.

அதற்கு விஷயம் இருந்தது. அப்பா முன்பு குடித்துக்கொண்டிருந்தவர். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு நிறுத்தியவர். "இன்னொரு தடவை வாடை வந்துச்சுன்னா பெண்டாட்டி பிள்ளையோட வெளிய போயிடணும்" என்று பெரியப்பா சொல்லியிருந்தார். எங்களுக்குப் போக வேறு வீடு கிடையாது.

அப்பா மேல் எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது, ஆனால் வேறு மாதிரி. ஐப்பசி முழுக்கச் சாயங்காலமானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் பக்கம் சிநேகிதரைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தால் டயரில் ஆற்று மணல். அப்புறம் திடீரென்று போவதே நின்றுவிட்டது. சிநேகிதரோடு சண்டை போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டு, சம்மனசை விசாரிக்கக் கிளம்பினேன்.

எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வந்தது அம்மா. டம்ளரைப் பிடித்துப் பீப்பாயின் குழாயைத் திருகினாள்.

"யாருக்கும்மா?" என்று எழுந்தேன்.

அம்மா டம்ளரை முந்தானையில் மறைத்தாள். சிலுவை போட்டுக்கொண்டு, "சம்மனசுக்குத்தான்டி. வெளிய மூச்சு விடாதே" என்றாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. குடிப்பதே தப்பு, அதிலும் அம்மா ஊற்றித் தர வேண்டுமாம்! தானே குழாயைத் திருகத் தெரியாதா அதற்கு?

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு பெரியப்பா பீப்பாயைத் தட்டினார். பாதிக்கு மேல் காலி. எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டு, இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் அப்பாவை நிறுத்தினார். "தொட்டுச் சத்தியம் பண்ணுடா."

அப்பாவின் கை படத்துக்குப் பாதி தூரம் போய் நின்றுவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பாவை ஏன் பெரியப்பா கேக்குறீங்க? சம்மனசு குடிச்சுது! அம்மாதான் டம்ளர்ல புடிச்சுக் குடுத்தாங்க, நான் பார்த்தேன்!"

பெரியப்பா எதிரில் வந்தறியாத அம்மா கதவு மறைவிலிருந்து வெளியே வந்தாள். முகத்தை நிமிர்த்தியே சொன்னாள். "ஆமாங்க. படுக்கப் போறப்ப ஒரு டம்ளர். கொள்ளிடக் கரைக்குப் போகாம இருக்கட்டும்னுதான். அங்க காய்ச்சுறது விஷமுங்க."

சம்மனசுக்குக் கொள்ளிடக் கரையில் என்ன வேலை என்று நான் குழம்பினேன். பெரியப்பா அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் அப்பாவின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"துரை சொன்னது சரிதான். அதுங்க பங்கை அதுங்களுக்குக் குடுத்துத்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டுச் சட்டை மாற்றப் போய்விட்டார். என் சாட்சியால்தான் கேஸ் ஜெயித்தது என்று எனக்கு ஒரே பெருமை.

கல்யாணத்தில் ஆளுக்கு ஒரு வாய்தான் வந்தது. பழைய சரக்கை அப்படித்தான் குடிக்க வேண்டும் என்று பெரியப்பா சம்பந்திகளைச் சமாளித்தார். அன்றோடு பீப்பாய் காலி.

அதற்கடுத்த வாரம் ஒரு காலையில் தெருவே கலவரமாக இருந்தது. முந்தின சாயங்காலம் கொள்ளிடக் கரையில் குடித்தவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்களாம். சிலர் செத்துப்போனார்கள், சிலருக்குக் கண் போய்விட்டது. அப்பா அப்போது உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா அவரை எழுப்பவில்லை. நேராகக் கொல்லைக்குப் போய், சுவரில் சாய்த்திருந்த சைக்கிளின் டயரை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தாள். விரலில் மணல் ஒட்டவில்லை. அப்படியே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

ஒயின் தீர்ந்துபோனதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "அழாதீங்கம்மா, மறுபடியும் திராட்சை வரும், சம்மனசு அதுவரைக்கும் பொறுத்துக்கும்" என்றேன்.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் பலமாக அழுதாள்.