மரைக்காயர் காருக்குக் கூரை

பிரெஞ்சு அதிகாரி ஒருவர் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன இரட்டை இருக்கை ரேஸ் காருக்கு எங்கள் தெரு மரைக்காயர் கூரை போட்டிருக்கிறார். கூரை இருந்தால்தான் கோஷாவில் இருக்கும் அவர் மனைவியும் அதில் வெளியே வர முடியும்.

"திரும்புற அழகு கெட்டுச்சுன்னா கூரையைப் பிரிச்சிடுவேன் மேஸ்திரி" என்று மெக்கானிக்கிடம் முன்பே சொல்லியிருந்தார். அரசலாற்று வளைவில் அந்தக் கார் பாய்மரத் தோணி காற்றுக்குச் சாய்வதுபோல் திரும்பும். பார்த்துக்கொண்டு நிற்பவருக்குத் தான் எங்கே போகக் கிளம்பினோம் என்பது மறந்துவிடும்.

அந்த அழகு கெடாமல் இருக்க, பக்கத்து இருக்கையின் பாரத்துக்கு ஏற்ப ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். அடுத்தவர் மனைவியின் எடையை மேஸ்திரி எப்படிக் கேட்பார்?

"அவங்க எடைக்கு ஒரு மூட்டை நெல்லு கட்டி அனுப்பச் சொல்லுங்க" என்றார். அம்மையாரே கட்டி அனுப்பினார்.

நேற்று மூட்டையை உட்கார வைத்து ஓட்டினார்கள். அதே தோணி.

இன்று காலை மூட்டையின் இடத்தில் அம்மையார். வளைவில் கார் அவர் பக்கமாக நன்றாகவே அமுங்கியது. வளைவில் நின்றிருந்த மேஸ்திரியும் நானும் ஆற்றைப் பார்த்தோம்.

கார் நின்றது. "கூரையைப் பிரிக்கணுமா?" என்று உள்ளேயிருந்து ஒரு மெல்லிய குரல்.

மரைக்காயர் இறங்கி வந்தார். "மேஸ்திரி, கட்டுறப்ப நெல்லு ஈரம். ஒங்ககிட்ட வர்றதுக்குள்ள காஞ்சு எடை கொறஞ்சிருக்கு. ஸ்பிரிங்கை இன்னும் கொஞ்சம் இறுக்குங்க. கூரை இருக்கட்டும்."

"ஆமாங்க, நேத்து நல்ல வெயில்" என்றார் மேஸ்திரி.

நெல் ஒரே நாளில் எவ்வளவு காயும் என்பதைக் கோட்டுச்சேரி விவசாயிகள் இதன் கீழே எழுதலாம். படிப்பகப் பலகையில் பென்சில் கட்டியிருக்கிறது.