சிவபாண்டியின் மூக்கு

செல்லூரில் விசைத்தறிக் கூடங்களுக்கு நடுவே இருக்கிறது சிவபாண்டியின் கார் பட்டறை. சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓயாமல் அடிக்கும். அந்த இரைச்சலில் எஞ்சினின் சின்னச் சத்தம் எதுவும் கேட்காது. அதனால் சிவபாண்டி காதை நம்பித் தொழில் செய்தவரல்ல, மூக்கை நம்பியவர். பானட்டைத் திறந்து குனிந்தால் போதும், கூலன்ட் கசிகிறதா, ஆயில் கருகுகிறதா, வயர் உருகுகிறதா என்று வாடையை வைத்தே சொல்லிவிடுவார். "அண்ணே மோந்து பாத்துட்டா ஸ்கேனரே வேணாம்" என்பார்கள் டிரைவர்கள். அந்தப் பேருக்காகவே ஆனையூரிலிருந்துகூட வண்டிகள் வரும்.

கொரோனாவில் அந்த மூக்கு போனது. காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, வாடை மட்டும் திரும்பவில்லை. பெட்ரோலில் துணியை நனைத்து முகர்ந்தாலும் தண்ணீரை முகர்ந்தது போலத்தான் இருந்தது. மனைவி முத்துச்செல்விக்கு மட்டும் தெரியும்.

"வெளிய சொல்லிராதீக. தெரிஞ்சா ஒரு வண்டி வராது" என்றாள் அவள்.

"மோப்பம் போன நாய எவன் காவலுக்கு வைப்பான்" என்று சிரிக்கப் பார்த்தார் சிவபாண்டி. அவள் சிரிக்கவில்லை.

அதன் பிறகும் பழையபடியே பானட்டுக்குள் குனிவார், மூச்சை இழுப்பார், கொஞ்சம் யோசிப்பார். பிறகு வண்டியில் மாட்டிய ஸ்கேனர் கருவி காட்டியதைச் சொல்வார். காலம் அப்படியே ஓடியது.

போன சித்திரையில் ஆல்பின் தன் வாடகைக் காரைக் கொண்டு வந்தான். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்றது ஸ்கேனர். கன்வெர்ட்டர் என்பது புகைக்குழாயில் இருக்கும் டப்பா. எஞ்சின் கக்கும் நச்சைச் சுத்தம் செய்வது. அதற்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். ஸ்கேனர் திரையில் முன்னதன் கோடு துள்ளலாம், பின்னது அமைதியாக ஓட வேண்டும். ஆல்பினின் வண்டியில் இரண்டும் சேர்ந்து துள்ளின.

"டப்பா போச்சு மாப்ள. புதுசுதான் போடணும்."

"எம்புட்டுண்ணே வரும்?"

சொன்னார். ஆல்பின் சிரித்துவிட்டான். "அதுக்கு வண்டியவே உங்ககிட்ட விட்டுட்டு நான் ஷேர் ஆட்டோவுல போயிருவேன். அடுத்த வாரம் ஆர்டிஓ ஆபீஸ்ல எப்சிக்குக் காட்டணும். லைட்டு எரியாமப் பாத்துக் குடுங்க, போதும்."

அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பின் சென்சாரைக் கழற்றி, நடுவில் நீளமான நட்டு ஒன்றைக் கொடுத்து மாட்டினால், சென்சார் புகையைவிட்டு விலகி நிற்கும். கோளாறு அப்படியே இருக்கும். விளக்கு மட்டும் அணையும். சிவபாண்டி நட்டை மாட்டினார். விளக்கு அணைந்தது.

"இன்னொண்ணுண்ணே" என்றான் ஆல்பின். "ஏசி போட்டா உள்ள புகை வாடை வர்ற மாதிரி இருக்கு. தலையும் வலிக்குது. நீங்க மோந்து பாத்துச் சொல்லுங்களேன்."

வேறு இரண்டு டிரைவர்கள் டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவபாண்டி உள்ளே உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு மூச்சை இழுத்தார். சில்லென்ற காற்று மட்டும்தான் தெரிந்தது.

"ஒண்ணும் இல்லையே மாப்ள. பில்டர் அழுக்கா இருக்கும்."

"நீங்க சொன்னாச் சரிண்ணே" என்று வண்டியை எடுத்தான் ஆல்பின்.

அந்த வாரமே ஒத்தக்கடையில் ஒரு கல்யாண மண்டபத்துக்குச் சவாரி. வெயில் கொளுத்தியது. விருந்து முடியும்வரை எல்லா டிரைவர்களையும் போல ஆல்பினும் கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டுவிட்டு சீட்டைச் சாய்த்தான். சாப்பிட்டு வந்தவர்கள் தட்டித் தட்டிப் பார்த்து, கடைசியில் கண்ணாடியை உடைத்தார்கள். பெரியாஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சை மறந்தான். இனி வண்டி ஓட்ட முடியாது என்றார் டாக்டர்.

விற்பதற்கு முன் பார்த்து வைக்கச் சொல்லி, ஆல்பினின் மைத்துனன் காரைக் கட்டி இழுத்து வந்து பட்டறையில் விட்டுப் போனான். அன்று செல்லூரில் மின்தடை. தறிகள் நின்றிருந்தன. சிவபாண்டி சாவியைத் திருப்பியதும் எஞ்சினோடு சேர்ந்து டிக் டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது. எஞ்சினை நிறுத்தி, புகைக்குழாய் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, சைலன்சர் வாயை ஈரத்துணியால் அடைத்துத் திரும்பவும் ஓடவிட்டார். கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் இணைப்பில் நுரை பொங்கியது. இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் பிளந்திருந்தது. அந்தப் பிளவு வழியாகச் சுத்தமாகாத புகை பானட்டுக்குள் பரவி, ஏசி காற்றை இழுக்கும் வழியில் உள்ளே போயிருக்கிறது. அந்தப் புகையில் இருக்கும், ஆளைக் கொல்லும் வாயுவுக்கு வாடை கிடையாது. கூட வரும் புகைக்கு உண்டு. அதைத்தான் ஆல்பின் சொன்னான்.

கேஸ்கெட்டை மாற்றினார். சென்சாரில் கொடுத்த நட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மேலூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். மஞ்சள் விளக்கு வரவில்லை. பின் சென்சாரின் கோடு நேராக ஓடியது. டப்பா கெடவே இல்லை. எஞ்சின் துடிப்பின் இடைவெளியில் பிளவு வழியே உள்ளே புகுந்த வெளிக்காற்றுதான் சென்சாரைத் துள்ள வைத்திருக்கிறது.

அந்த வண்டியிலேயே ஆனையூரில் ஆல்பின் வீட்டுக்குப் போனார். ஆல்பினின் மனைவி பாக்கியமேரி அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஆல்பின் அவரைப் பார்த்துச் சிரித்தான். "வாங்கண்ணே. எப்சி எப்பண்ணே?" என்றான்.

சிவபாண்டி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மூக்கைப் பற்றியும் சொன்னார்.

பாக்கியமேரி கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா, டீ குடிச்சிட்டு நின்னவுகள்ல ஒருத்தராச்சும் மோந்து பாத்திருப்பாகள்ல அண்ணே."

சிவபாண்டி சாவியை வைத்துவிட்டு வெளியே வந்து பஸ் ஏறினார்.

மறுநாள் காலையில் ஒருவர் பட்டறைக்குக் காரைக் கொண்டு வந்து பானட்டைத் திறந்து, பெட்ரோல் வாடை வருகிறது, முகர்ந்து பாருங்கள் என்றார்.

"எனக்கு மூக்கு வேல செய்யாதுண்ணே" என்றார் சிவபாண்டி. "நீங்க குனிஞ்சு, எங்கன வருதுன்னு சொல்லுங்க. நான் சரி பண்றேன்."

வந்தவர் கேலி என்று நினைத்துச் சிரித்தார். சிவபாண்டியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். பானட்டைத் தானே மூடினார்.

"ஒரு சோலி கெடக்கு. பெறகு வாரேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் தறி அடித்துக்கொண்டிருந்தது.